பயமும் பாய்மரக் கப்பலும்: பழைய ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கடற்பயணக் குறிப்புகள், 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம், பாய்மரக் காலத்துக் கடற்படைக் கதைகள் இவற்றையெல்லாம் படிக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பயத்தைச் சொல்லும் வார்த்தை மனசுக்குள் என்ன நடந்தது என்பதைவிட வெளியே என்ன நடந்தது என்பதையே அதிகம் சொல்லும். நாம் எல்லாவற்றையும் "பயந்தான்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

"பழைய ஆங்கிலம்" என்றால் எவ்வளவு பழசு?

இந்தப் பெயரை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மொழியறிஞர்கள் சொல்லும் பழைய ஆங்கிலம் 5ஆம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய 1100 வரை இங்கிலாந்தில் பேசப்பட்டது. இன்று ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் அதைத் தனியாகக் கற்றால்தான் படிக்க முடியும். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக உள்ளே வந்தன. சாதாரணப் பேச்சில் நாம் பழைய ஆங்கிலம் என்று சொல்வது அதற்கும் வெகுகாலம் கழித்து, 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டதை. இங்கே இரண்டுமே வரும். ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

"ஃபியர்" என்ற சொல்லுக்கு முதலில் பயம் என்ற பொருளே கிடையாதாமே, உண்மையா?

உண்மைதான். பழைய ஆங்கிலத்தில் அது "ஃபேர்". அதற்குத் திடீரென்று வந்து விழும் ஆபத்து, எதிர்பாராத தாக்குதல் என்று பொருள். வாசலில் வந்து நிற்கும் ஆபத்துக்குத்தான் அந்தப் பெயர், அதைப் பார்த்து நமக்குள் எழும் நடுக்கத்துக்கு இல்லை. உறவுமொழியான ஜெர்மனில் "கெஃபார்" என்ற சொல் இன்றைக்கும் ஆபத்தைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அந்தச் சொல் நடு ஆங்கிலக் காலத்தில் (ஏறக்குறைய 1100 முதல் 1500 வரை) மெல்ல மெல்ல வாசலிலிருந்து உள்ளே வந்து உணர்ச்சியாகிவிட்டது.

சரி, அப்படியானால் உணர்ச்சியை எப்படிச் சொன்னார்கள்? நிறையவே வைத்திருந்தார்கள். "எகே", "எகெசா", "ப்ரோகா", "க்ருரே", "ஃப்யுர்ஹ்டு" என்று வரிசையாக வரும். இவற்றில் பல செத்துவிட்டன. கடைசியாகச் சொன்னதில் ரகரம் இடம் மாறி "ஃப்ரைட்" ஆகிவிட்டது. தசை என்பது சதை ஆனதே, அதே மாதிரி நிலைமாற்றம். "எகே" என்ற சொல்லின் இடத்தை அதன் உறவான, ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய நார்ஸ் மொழிச் சொல் பிடித்துக்கொண்டு "ஆ" என்று ஆகி நிற்கிறது, இன்றைய "ஆஃபுல்" பிறந்தது அதிலிருந்துதான். பழைய நூலில் கடவுளை "ஆஃபுல்" என்று சொல்லியிருந்தால் மோசமானவர் என்று பொருள் இல்லை, பார்த்தவுடன் அஞ்சிப் பணியவைக்கிறவர் என்று பொருள். ஒரு மொழிபெயர்ப்பில் இதைத் தப்பாகப் படித்துவிட்டுப் பக்கம் முழுவதும் தடம் புரண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"அஃபியர்டு" என்று சில இடத்தில் வருகிறது. "அஃப்ரெய்டு" என்பதன் எழுத்துப் பிழையா?

பிழை இல்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள், பார்க்கத்தான் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

"அஃபியர்டு" அசல் ஆங்கிலம், மேலே சொன்ன "ஃபேர்" குடும்பம். ஷேக்ஸ்பியர் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். கிராமத்து ஆங்கிலத்தில் இது வெகுகாலம் உயிரோடு இருந்தது. "அஃப்ரெய்டு" பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேரில் "ஃப்ரித்" என்ற பழைய ஜெர்மானியச் சொல் இருக்கிறது, அதற்கு அமைதி என்று பொருள். முன்னால் "வெளியே" என்ற பொருள் தரும் லத்தீன் ஒட்டு. ஆக, அமைதியிலிருந்து வெளியே பிடித்துத் தள்ளப்பட்டவன்தான் "அஃப்ரெய்டு".

இந்தச் சொல்லின் மூல வினை "அஃப்ரே". நம் ஊர் வக்கீல்களுக்கு இது நன்றாகத் தெரியும், இந்திய தண்டனைச் சட்டம் 159ஆம் பிரிவில் பொது இடத்தில் சண்டை போட்டுப் பொது அமைதியைக் குலைப்பது என்று வந்ததே, அதே சொல். சட்டத்தின் வாசகத்தில் அமைதி என்ற பழைய வேர் அப்படியே தங்கியிருக்கிறது பாருங்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

இதன் குட்டை வடிவம் "ஃப்ரே". 1611 விவிலியத்தில் உபாகமம் 28:26இல் பிணங்களைத் தின்ன வரும் பறவைகளையும் விலங்குகளையும் "ஃப்ரே" செய்ய ஆள் இருக்காது என்று வரும். சண்டை போட ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மிரட்டி விரட்ட ஆள் இல்லை என்று பொருள்.

"சோர் அஃப்ரெய்டு" என்றால் வலியோடு பயந்தார்களா?

இல்லை. இங்கே "சோர்" என்பது "மிகவும்". பழைய ஆங்கிலத்தில் வலி என்ற பொருளிலிருந்து "கடுமையாக" என்று நீண்டு, வெறும் "ரொம்ப" ஆகிவிட்டது. ஜெர்மன் "ஸேர்" இதே சொல்தான். நாம் "பயங்கர வெயில்" என்று சொல்லும்போது பயமா கலந்திருக்கிறது, அது மாதிரி.

"அகாஸ்ட்", "அஸ்டோனிஷ்", "அப்பால்", "டிஸ்மே" எல்லாமே அதிர்ச்சிதானே? என்ன வித்தியாசம்?

இன்றைய ஆங்கிலத்தில் வித்தியாசம் மங்கிவிட்டது. பழைய நூலில் ஒவ்வொன்றுக்கும் தனிக் காட்சி உண்டு.

"அகாஸ்ட்" என்பது "மிரளவைக்க" என்ற பழைய வினையிலிருந்து வந்தது, அது "கோஸ்ட்" என்ற பேய்ச் சொல்லின் நெருங்கிய சொந்தம். எழுத்தில் இன்று இருக்கும் அந்த ஊமை ஹகரமே பேய்ச் சொல்லைப் பார்த்துப் பின்னால் சேர்த்துக்கொண்டதுதான். "அஸ்டோனிஷ்", "அஸ்டவுண்ட்" இரண்டும் இடியிலிருந்து வந்தவை. லத்தீனில் "டொனாரே" என்றால் இடித்தல். இடி விழுந்தவன் மாதிரி உணர்வற்று நிற்பது. 17ஆம் நூற்றாண்டு நூலில் ஒருவன் "அஸ்டோனிஷ்ட்" ஆனான் என்றால் வாயைப் பிளந்து வியந்தான் என்று எழுதினால் போதாது, விறைத்துப் போனான் என்றே எழுதலாம். "அப்பால்" முகம் வெளிறுவது. "டிஸ்மே" கைகால் வலு போய்விடுவது, அதன் வேர் "மே, மைட்" என்று வரும் ஆற்றல் சொல்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொல்காப்பிய உரியியல் ஞாபகம் வரும். பே, நாம், உரும் என்ற மூன்று சொற்களும் அச்சப் பொருள் தரும் என்கிறது அந்த நூற்பா. பே என்ற சொல்லைக் கேட்டால் பேய் நினைவுக்கு வருகிறது, உரும் என்றால் இடி என்றும் பொருள். இரண்டு மொழிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இடியும் பேயும் எல்லா ஊர் மனுஷனையும் ஒரே மாதிரி மிரட்டியிருக்கின்றன, அவ்வளவுதான்.

"நைட்மேர்" என்பதில் குதிரை எங்கே வந்தது?

குதிரையே இல்லை. பெண் குதிரையைக் குறிக்கும் "மேர்" வேறு, இந்த "மேர்" வேறு. இது தூங்குகிறவனின் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்கும் ஆவி. நம் வீட்டுப் பாட்டிகள் அமுக்குவான் பேய் என்பார்களே, சாட்சாத் அதுதான். இரண்டு சொல்லும் ஒரே ஒலிக்கு வந்துவிட்டதால் ஆங்கிலேயர்களே பின்னால் குதிரைப் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு பழைய விவிலியத்தில் "இரவில் பூச்சிகளுக்கு அஞ்ச வேண்டாம்" என்று இருக்கிறதாமே?

மைல்ஸ் கவர்டேல் 1535இல் வெளியிட்ட ஆங்கில விவிலியத்தில் 91ஆம் சங்கீதத்தில் "பக்ஸ்" என்று வருகிறது. அன்றைக்கு அதற்குப் பூதம், பயமுறுத்தும் உருவம் என்று பொருள், பூச்சி என்ற பொருள் பின்னால் பரவியது. 1611 பதிப்பில் அதே இடத்தில் "டெரர்" வந்துவிட்டது. பூச்சாண்டி என்று பொருள் தரும் "பக்பேர்" என்ற சொல்லில் அந்தப் பூதம் இன்னும் இருக்கிறது.

பழைய ஆங்கிலப் பாடல்களில் கடல் பயம் எப்படி வருகிறது?

கட்டாயம் பார்க்க வேண்டியது எக்ஸிட்டர் தேவாலயத்தில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் உள்ள ஒரு பாடல், "கடலோடி" என்று பின்வந்தவர்கள் பெயர் வைத்தது. எழுதியவர் பெயர் இல்லை. கப்பலின் முன்மூக்கில் இராக்காவல் நிற்கிறவன் பேசுகிறான். பக்கத்தில் பாறை, கால்கள் குளிரில் விலங்கு போட்டது போலக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் காவலுக்கு அவன் வைக்கும் அடைமொழி "நேரோ", அதாவது குறுகலான என்பது. நெஞ்சு இறுகும்போது உலகமே ஒடுங்கிப்போகிறதல்லவா, அதைச் சொல்லும் சொல். கடல் பயணம் போகும்போது கவலையே இல்லாமல் இருக்கும் அளவுக்குப் பெருமிதமோ கொடையோ இளமையோ துணிவோ உள்ளவன் இந்த மண்ணில் யாருமில்லை என்று அவன் சொல்கிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். இத்தனைக்கும் அவன் கடலை விட்டுவிட்டு வருகிறவன் இல்லை, போக ஏங்குகிறவன்.

அந்தக் காலப் பாடல்களில் கடலுக்குத் "திமிங்கல வழி" என்று ஒரு பெயர், கப்பலுக்கு "அலைக்குதிரை" என்று ஒரு பெயர். இவற்றைத் தமிழில் அப்படியே தரலாம், விளக்கமே வேண்டாம். நமக்கு இந்தப் பழக்கம் உண்டு. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் "நாமநீர் வேலி" என்று வருகிறதே, நாமநீர் என்றால் அச்சம் தரும் நீர், அதாவது கடல். கடலுக்குப் பெயர் சொல்லும்போதே அச்சத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஃபேதம்" என்றால் என்ன அளவு? அதை ஏன் பயத்தோடு சேர்க்கிறீர்கள்?

6 அடி. பழைய ஆங்கிலத்தில் "ஃபேத்ம்" என்றால் இரண்டு கையையும் விரித்து அணைப்பது. கயிற்றை இழுத்து இழுத்து ஒரு கை விரிப்புக்கு ஒன்று என்று எண்ணுவார்கள். நம் கடற்கரையில் பாகம் என்பது இதுதான். ஆங்கிலம் தெரியாத மீனவரிடம் "எத்தனை பாகம் தண்ணீர்" என்று கேளுங்கள், பதில் வரும். ஆகவே இதைத் தமிழில் "ஃபாதம்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள், வார்த்தை நம் கையிலேயே இருக்கிறது.

பயம் எங்கே வருகிறது என்றால், ஆழம் பார்ப்பதே பயத்தால்தான். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை ஒருவன் கப்பலின் ஓரத்தில் நின்று வீசுவான். கயிற்றில் 2, 3, 5, 7, 10 என்று குறிப்பிட்ட பாகங்களில் தோல் துண்டு, வெவ்வேறு துணித் துண்டு என்று கட்டியிருக்கும், ராத்திரியில் கண் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்தே எத்தனை பாகம் என்று சொல்லிவிடலாம். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். அது கடலடியில் பட்டு மணலையோ சிப்பியையோ ஒட்டிக்கொண்டு வரும், கீழே என்ன தரை என்று தெரியும். குண்டு வீசுகிறவன் ஒவ்வொரு முறையும் உரக்கக் கூவுவான், துண்டு கட்டிய இடத்துக்கு "மார்க்" என்றும் இடைப்பட்ட பாகங்களுக்கு "டீப்" என்றும். எண் இறங்கிக்கொண்டே வருவதை இருட்டில் கப்பல் முழுவதும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்க ஆற்றுப் படகுகளில் 2 பாகம் என்றால் "மார்க் ட்வைன்", படகுக்குப் போதிய ஆழம். ஒரு எழுத்தாளர் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

இந்தக் காட்சியை மிகச் சுருக்கமாகச் சொல்வது விவிலியத்தில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம். பவுல் போகும் கப்பல் புயலில் மாட்டி நடுராத்திரியில் கரையை நெருங்குகிறது. ஆழம் பார்க்கிறார்கள், 20 பாகம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் பார்க்கிறார்கள், 15. பாறையில் மோதிவிடுவோம் என்று பயந்து நான்கு நங்கூரம் போட்டு விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். 1611 ஆங்கிலத்தில் "ஃபேதம்" என்று இருக்கும் இடத்தில் நம் பழைய தமிழ் விவிலியத்தில் "பாகம்" என்றும், ஆழம் பார்ப்பதற்கு "விழுது விட்டு" என்றும், கப்பலின் பின்பக்கத்துக்குப் "பின்னணியம்" என்றும் இருக்கிறது. கப்பல் அகராதி தேடுகிறவர்கள் முதலில் அந்த ஒரு அதிகாரத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அதே அதிகாரத்தில் "ஸ்ட்ரேக் செயில்" என்று வருகிறது, பாயை அடித்தார்களா?

பாயை இறக்கினார்கள். "ஸ்ட்ரைக்" என்பதற்குக் கப்பலில் இறக்குவது என்று பொருள், "ஸ்ட்ரேக்" அதன் பழைய இறந்தகாலம். கொடியை "ஸ்ட்ரைக்" செய்தால் சரணடைந்ததாக அர்த்தம்.

அடுத்த அதிகாரத்தில் இன்னொரு பொறி: "ஃபெட்ச்ட் எ காம்பஸ்". திசைகாட்டிக் கருவியை எடுத்து வந்தார்கள் என்று எழுதினால் பெரிய தப்பு. பவுல் காலத்தில் அந்தக் கருவியே கிடையாது. சுற்றிக்கொண்டு போனார்கள் என்று பொருள்.

"டேக்கன் அபேக்" கப்பல் சொல் என்கிறார்களே?

ஆமாம், இதை விரிவாகச் சொல்கிறேன். பாய்மரக் கப்பலுக்குக் காற்று பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். காற்று சட்டென்று திசை மாறினாலோ சுக்கான் பிடிக்கிறவன் அசந்துவிட்டாலோ, காற்று பாயின் முன்பக்கத்தில் வந்து அறைந்து பாயைப் பாய்மரத்தோடு சேர்த்து அழுத்தும். கப்பல் அப்படியே நின்றுவிடும், பின்னால்கூடப் போகும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும் காற்றைத் தாங்குவதற்காகக் கட்டியவை, முன்னாலிருந்து வரும் பலத்த அறையில் மரமே முறிந்து விழலாம். இதுதான் "டேக்கன் அபேக்". ஒரு மனிதன் திகைத்துப் போனான் என்று அதைச் சொல்வது பின்னால் வந்த பழக்கம்.

18ஆம் நூற்றாண்டுக் கப்பல் குறிப்பில் இதைப் பார்த்து "கேப்டன் திகைத்தார்" என்று எழுதிவிட்டால், அந்தக் கப்பல் அந்த நிமிஷத்தில் எவ்வளவு பெரிய ஆபத்தில் இருந்தது என்பதே காணாமல் போய்விடும். எழுவாய் கப்பலா ஆளா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

"லீ" என்றால் மறைவு. "லீ ஷோர்" மட்டும் ஏன் ஆபத்து?

நல்ல கேள்வி. "லீ" பழைய ஆங்கில "ஹ்லேயோ", அடைக்கலம் என்று பொருள். கப்பலில் காற்று அடிக்காத பக்கம் "லீ" பக்கம். இப்போது கப்பலின் அந்தப் பக்கத்தில் ஒரு கரை இருந்தால், காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போவது அந்தக் கரையை நோக்கித்தானே? அதுதான் "லீ ஷோர்". கப்பலின் பார்வையில் வைத்த பெயர் அது. சதுரப் பாய் கட்டிய கப்பலால் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67 பாகை (டிகிரி) கோணத்தைவிட நெருங்கிச் செல்ல முடியாது, அதோடு பக்கவாட்டில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலுக்குப் பெயர் "லீவே". ஆக, ஓட வழியில்லாமல் கண்ணெதிரே கரையைப் பார்த்துக்கொண்டே போய் மோதுவதுதான் நடக்கும். மாலுமிகள் நடுக்கடல் புயலைவிட இதற்குத்தான் அதிகம் அஞ்சினார்கள். கரை என்றால் பாதுகாப்பு என்று நினைக்கும் நமக்கு இது உறைக்கக் கொஞ்சம் நேரமாகும்.

"அலூஃப்" என்ற சொல் இங்கிருந்து வந்ததுதான். கப்பலின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துக் கரையை விட்டு விலகியே நில் என்ற கட்டளையில் "லூஃப்" என்ற சொல் உண்டு. இன்று யாரோடும் ஒட்டாமல் இருப்பவரை அப்படிச் சொல்கிறோம். அடியில் இருப்பது கர்வம் இல்லை, பாறைக்குப் பயம்.

"பிட்டர் எண்ட்" கசப்பான முடிவா?

"பிட்" என்பது நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டும் கனமான மரக்கட்டை. வடத்தின் உள்முனை அங்கே இருக்கும், அதுதான் "பிட்டர் எண்ட்". கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் எழுதிய கடல் கையேட்டிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. வடத்தை அந்த முனைவரை விட்டாயிற்று என்றால் இனி விடுவதற்குக் கயிறு இல்லை. கசப்பு என்ற பொருளும், முடிவைக் கசப்பு என்று பேசும் விவிலிய நடையும் பிற்பாடு இதோடு கலந்திருக்கலாம், ஆனால் கப்பல் நூலில் வந்தால் கயிறுதான்.

இது எப்படிப்பட்ட நிலைமை என்று தெரிய 1703 நவம்பர் புயலைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் வடம் அறுந்தும் நங்கூரம் இழுபட்டும் குட்வின் மணல்திட்டில் போய் ஏறின. நார்தம்பர்லாண்ட், ரெஸ்டோரேஷன், ஸ்டர்லிங் காசில், மேரி என்று நான்கு போர்க்கப்பல்கள் அங்கே அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள்.

"ஷிவர் மை டிம்பர்ஸ்" என்றால் உடம்பு நடுங்குகிறதா?

இல்லை. நடுங்கும் "ஷிவர்" வேறு. இது சில்லுச் சில்லாக உடைவது. "டிம்பர்ஸ்" கப்பலின் விலா மரங்கள். என் கப்பல் நொறுங்கட்டும் என்கிற சத்தியம்.

"ஸ்டார்போர்டு" ஏன் வலப்பக்கம்? நட்சத்திரமா?

நட்சத்திரம் இல்லை, "ஸ்டேயோர்", அதாவது திருப்புதல். பழைய கப்பலில் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் கட்டியிருந்தது. இடப்பக்கம் பழைய ஆங்கிலத்தில் "பேக்போர்டு", திருப்புகிறவனின் முதுகுப் பக்கம். பின்னால் அது "லார்போர்டு" ஆனது. புயல் சத்தத்தில் "ஸ்டார்போர்டு", "லார்போர்டு" இரண்டும் ஒன்றுபோலக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை "லார்போர்டு" வேண்டாம், "போர்ட்" என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது. ஆகவே 1700களில் நடக்கும் கதையில் மாலுமி "லார்போர்டு" என்றுதான் கத்துவான்.

புயல் இல்லாத பயத்துக்குச் சொற்கள் உண்டா?

உண்டு, அவை இன்னும் திகிலானவை. "கேலென்ச்சர்" என்று ஒன்று, காய்ச்சலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. வெப்ப மண்டலக் கடலில் காய்ச்சல் கண்ட மாலுமிக்குக் கடல் பச்சைப் புல்வெளியாகத் தெரியும், இறங்கி நடக்கத் துடிப்பான் என்று சொல்லப்பட்டது. மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவனுக்கு வயல் தெரிகிறது. இந்தச் சொல்லை வெறும் "ஜுரம்" என்று மொழிபெயர்த்துக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை, ஒரு வரி விளக்கமாவது சேர்த்துவிடுங்கள்.

"டோல்ட்ரம்ஸ்" முதலில் மனச்சோர்வு, அப்புறம் காற்றில்லாமல் கிடக்கும் கப்பலின் நிலை, அதற்கும் அப்புறம்தான் நிலநடுக்கோட்டுப் பக்கத்துக் காற்றற்ற கடற்பகுதிக்குப் பெயர். "கார்போசான்ட்" என்பது போர்த்துக்கீசியரின் "புனித உடல்", புயல் நேரத்தில் பாய்மர நுனியில் மின்னேற்றத்தால் தோன்றும் நீல ஒளி. அது உச்சியில் தெரிந்தால் நல்லது, கீழே தளத்தில் தெரிந்தால் கெட்டது என்று மாலுமிகள் நம்பினார்கள்.

கப்பல்களுக்கே பயத்தின் பெயரை ஏன் வைத்தார்கள்?

எதிரியைப் பயமுறுத்த, அல்லது தனக்குப் பயமில்லை என்று சொல்ல. "ட்ரெட்நாட்" என்றால் எதற்கும் அஞ்சாதே. 1906இல் வந்த பெரிய போர்க்கப்பல்தான் எல்லோருக்கும் தெரியும்: 12 அங்குல பீரங்கிகள் 10, நீராவி டர்பைன், மணிக்கு 21 கடல் மைல் வேகம். ஆனால் அந்தப் பெயரில் 1573லேயே ஒரு கப்பல் இருந்தது, 1588இல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவோடு மோதியது. 1805 டிரஃபால்கர் கடற்போரில் 98 பீரங்கிகளோடு இன்னொன்று.

இதே பெயரில் ஒரு துணியும் உண்டு. தடித்த கம்பளித் துணிக்கு "ட்ரெட்நாட்", "ஃபியர்நாட்" என்று பெயர், மாலுமிகளின் குளிர்ச் சட்டை அதில்தான். போர் நேரத்தில் வெடிமருந்து அறை வாசலில் "ஃபியர்நாட்" துணியை நனைத்துத் தொங்கவிடுவார்கள், தீப்பொறி உள்ளே போகாமலிருக்க. கதையில் "அவன் ட்ரெட்நாட்டைப் போட்டுக்கொண்டான்" என்று வந்தால் கோட்டு என்று புரிந்துகொள்ளுங்கள்.

"டெரர்" 1813இல் கட்டிய பிரிட்டிஷ் குண்டுவீச்சுக் கப்பல், 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டை மீது குண்டு போட்டது. 1845இல் "எரிபஸ்" என்ற துணைக் கப்பலோடு ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் வடதுருவக் கடல்வழி தேடிப் போய், பனியில் சிக்கி, 129 பேரும் மாண்டார்கள். எரிபஸ் 2014இல் கிடைத்தது, டெரர் 2016இல். டெரர் கிடந்த விரிகுடாவுக்கு வெகுகாலம் முன்பே டெரர் விரிகுடா என்றுதான் பெயர்.

"பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ஸீ", அதாவது பேய்க்கும் ஆழ்கடலுக்கும் நடுவே, என்ற பழமொழி கப்பலிலிருந்து வந்ததா?

கப்பலில் ஒரு பலகை இடுக்குக்கு "டெவில்" என்று பெயர், அதில் தாரடைக்கிறவன் அதற்கும் கடலுக்கும் நடுவே தொங்குவான், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, நான் நம்பவில்லை. பழமொழி 17ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, இடுக்குக்கு அந்தப் பெயர் இருந்ததற்கான எழுத்துச் சான்றோ பிற்காலத்தது. உண்மையான பேய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் தமிழிலிருந்து போன சொல் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, கட்டுமரம். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் பார்த்ததாக "கேட்டமரான்" என்று எழுதுகிறார். பெரிய கப்பல் நெருங்க முடியாத அலை உடையும் கரையில், கட்டுமரக்காரர்கள்தான் கப்பலுக்கும் கரைக்கும் இடையில் போய் வந்தவர்கள். வெள்ளைக்கார மாலுமி அஞ்சிய அலையில் தினமும் இறங்கி வேலை பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் 1804ஆம் ஆண்டுக் கடற்படைச் செய்தியில் இந்தச் சொல்லைப் பார்த்தால் மீனவரைத் தேடாதீர்கள். அந்த ஆண்டு பிரெஞ்சுத் துறைமுகமான புலோனைத் தாக்க பிரிட்டிஷார் வெடிமருந்து நிரப்பிய மிதவைப் பெட்டிகளை அனுப்பினார்கள், அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் யோசனையில் செய்தவை. தண்ணீர் மட்டத்துக்கு மேல் அதிகம் தெரியாமல் மிதந்து போன அந்த வெடிப்பெட்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயரும் "கேட்டமரான்"தான்.